அந்த மாடியில் மூன்று பேர் இருந்தார்கள்

தமிழில் சூப்பர் ஹீரோ எடிட் போடும் பக்கங்களின் அட்மின்களுக்கு,

உங்களில் ஒருவர் சென்ற வாரம் போட்ட ரீல் பற்றியது இந்த மடல். பக்கத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் நானே இன்னும் நாலு பேரை அங்கே அனுப்பிவைத்ததாகிவிடும். எது என்று உங்களுக்குத் தெரியும்.

மார்வெலின் 'டேர்டெவில்' தொடர், இரண்டாம் சீசன், மூன்றாம் எபிசோட், மொட்டைமாடி. புகைபோக்கியோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டிப்போட்ட, யாரையும் கொல்ல மறுக்கும் டேர்டெவிலைப் பார்த்து, குற்றவாளிகளைக் கொன்று தள்ளும் பனிஷர் ஃபிராங்க் கேஸில் பேசுகிறார். நீ அடிக்கிறவன் எழுந்து வந்துவிடுகிறான், நான் அடிக்கிறவன் எழுவதில்லை என்று அவர் முடிக்கும் இடத்தில் இசையை ஏற்றி, திரையை இருட்டாக்கி, அடுத்த நொடியில் ஒரு நிஜ ஆளின் போட்டோவை வைத்திருக்கிறீர்கள். அரசு மருத்துவமனைக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞர். வலது கையில் மாவுக்கட்டு. முகம் பளிச்சென்று தெரிகிறது. நெஞ்சின் மேல் பனிஷரின் முத்திரையான மண்டை ஓடு, அது உங்கள் கைவேலை. கீழே சிரிப்பு எமோஜிகளோடு ஒரு வரி: "பாத்ரூம்ல வழுக்கிட்டாராம்."

அவருக்கு நான்தான் வக்கீல். வீட்டில் வக்கீல் வைக்க வசதியில்லாததால் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமாக எனக்கு வந்த வழக்கு. சங்கிலிப் பறிப்பு என்கிறது போலீஸ். அதை அவர் செய்தாரா இல்லையா என்று இங்கே ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன். எழுதக் கூடாது என்பது தொழில் விதி. எழுதத் தேவையும் இல்லை. செய்தார் என்றே வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நான் சொல்ல வந்ததற்கு அதனால் ஒரு குறையும் வராது.

மார்வெல் பற்றி ஒன்றும் தெரியாத ஆன்ட்டி என்று கமெண்ட் வரும் என்று தெரியும். 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது நான் சந்தா கட்டியதே இந்தத் தொடருக்காகத்தான். பகலில் மேட் மர்டாக்காகக் கோர்ட், ராத்திரியில் டேர்டெவிலாக முகமூடி என்று ஒரு வக்கீல் கதாநாயகன் வேறு எங்கே கிடைப்பான்? மேட்டும் நண்பர் ஃபாகி நெல்சனும் நடத்தும் நெல்சன் அண்ட் மர்டாக் அலுவலகத்துக்கு வரும் கட்சிக்காரர்கள் ஃபீஸுக்குப் பதிலாகப் பழமும் பலகாரமும் கொண்டுவந்து மேசையை நிரப்புவார்களே, அதைப் பார்த்து நானும் என் ஜூனியரும் சிரித்த சிரிப்பு எங்களுக்குத்தான் தெரியும். எங்கள் அலுவலகத்தில் அது பெரும்பாலும் முருங்கைக்காய். ஆகவே இதை ஒரு ரசிகையின் புகாராகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

புகார் இதுதான். அந்த மாடியில் மூன்று பேர் இருந்தார்கள். நீங்கள் ஒருவரை வெட்டி எறிந்துவிட்டீர்கள்.

மூன்றாவது ஆளின் பெயர் கிராட்டோ. ஐரிஷ் கும்பலில் மிஞ்சியவன். முதல் எபிசோடில் கூட்டாளிகள் மொத்தப் பேரும் பனிஷரால் சுட்டுத் தள்ளப்பட, தப்பி ஓடிவந்து, மேட் மர்டாக்கும் ஃபாகி நெல்சனும் உட்கார்ந்திருக்கும் பாரைத் தேடிப் பிடித்து, எனக்குப் பாதுகாப்பு வாங்கிக்கொடுங்கள் என்று கெஞ்சுகிறான். வக்கீல்கள் அவனுக்காக அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் மாவட்ட அட்டர்னி ரேயஸிடம் போகிறார்கள். அந்தம்மா பாதுகாப்பு தருவதாகத் தலையாட்டிவிட்டு, பனிஷரைப் பிடிக்க அவனையே இரையாக வைக்கிறார். இதை மறக்காதீர்கள். கிராட்டோவை முதலில் கைவிட்டது அரசாங்கம். பனிஷரின் கையில் அவன் சிக்குவது அதற்கப்புறம்தான்.

மாடியில் நடப்பதை மறுபடி ஓட்டிப் பாருங்கள். டேர்டெவிலின் கையில் துப்பாக்கியை வைத்து டேப் சுற்றுகிறார் ஃபிராங்க். உள்ளே ஒரே தோட்டா. எதிரே அடிபட்டு, ரத்தம் ஒழுக கிராட்டோ. என்னைச் சுடு, இல்லாவிட்டால் இவனை நான் சுடுவேன். எது நடந்தாலும் ஒரு சாவு உன் கணக்கில். அதோடும் விடவில்லை. கிராட்டோ செய்ததை அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறார். ஒரு வயதான பெண்ணைக் கொன்றதை அவன் அழுதுகொண்டே ஒப்புக்கொள்கிறான். அதுவரை அவன் மேல் நமக்கு இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அந்த இடத்தில் ஆட்டம் காண்கிறது. எழுதியவர்கள் தெரிந்தே செய்த காரியம் இது. அங்கே ஓர் அப்பாவி இருந்திருந்தால் பதில் சொல்ல நமக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. கொலைகாரனை வைத்துவிட்டு, இப்போது சொல், இவன் உயிரோடு இருக்கலாமா என்று கேட்கிறார்கள்.

டேர்டெவில் அந்த ஒரே தோட்டாவால் தன் சங்கிலியைச் சுடுகிறார். கட்டு அறுகிறது. அதற்குள் ஃபிராங்க் கிராட்டோவைச் சுட்டுவிட்டார்.

இந்தக் காட்சிக்கு மூலம், கார்த் என்னிஸ் எழுதி ஸ்டீவ் டில்லன் வரைந்த பனிஷர் காமிக்ஸ் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் டேர்டெவில் விசையை அழுத்தியே விடுவார். துப்பாக்கியில் தோட்டாவை வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் இருக்காது. தொடரில் அதை மாற்றினார்கள். இங்கே துப்பாக்கி வேலை செய்கிறது, தோட்டா நிஜம், எதிரே நிற்பவனைக் கொன்றால் ஓர் உயிர் பிழைக்கும் என்ற நியாயமும் கையில் இருக்கிறது. இத்தனை இருந்தும் கொல்லவில்லை. கொல்லாததால் ஒருவன் செத்தும் போகிறான். டேர்டெவிலுக்கு வெற்றியும் இல்லை, ஆறுதலும் இல்லை. இதைப் பார்த்துவிட்டு ஒருவருக்கு 'பனிஷர் மாஸ்' என்று மட்டும் தோன்றினால், அவர் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

ஃபிராங்க் பேசுவதில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஃபிராங்காக நடிக்கும் ஜான் பெர்ந்தாலின் அந்தக் கரகரத்த குரலைக் கேட்கும்போது எனக்கும் உள்ளே ஏதோ ஒன்று ஆமாம் போடுகிறது. ஜாமீனில் வந்தவன் அதே தெருமுனையில் வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சு எங்கே போய்த் தைக்கும் என்று கோர்ட் வராண்டாவிலேயே காலம் தள்ளும் எனக்குத் தெரியாதா? டேர்டெவிலும் சொக்கத்தங்கம் இல்லை. முதல் சீசனின் இரண்டாவது எபிசோடிலேயே ஒரு ரஷ்யனைச் சித்திரவதை செய்து மாடியிலிருந்து கீழே போடுகிறார். அவன் கோமாவுக்குப் போகிறான். நீ ஓர் அரைகுறை, எடுத்த வேலையை முடிக்கத் தெரியாத கோழை என்று ஃபிராங்க் குத்தும்போது அது வலிப்பதற்குக் காரணம் அதுதான். நம்பிக்கை, திருந்த ஒரு வாய்ப்பு, நாளைக்கு மறுபடி முயலலாம் என்றெல்லாம் மேட் சொல்லும் பதில்கள் அந்த இருட்டில் பலவீனமாகத்தான் ஒலிக்கின்றன. நடுவில் மாடிக்கு வரும் பெரியவரை ஃபிராங்க் எவ்வளவு பதமாகப் பேசி அனுப்பிவைக்கிறார் என்பதையும் பாருங்கள். ராட்சசனாக அவரைக் காட்டியிருந்தால் தொடருக்கு வேலை மிச்சம். அப்படிச் செய்யவில்லை. இரண்டு பேருக்கும் நியாயம் இருக்கிறது, இரண்டு பேரிடமும் ஓட்டை இருக்கிறது, நடுவில் ஒரு கொலைகாரன் உயிர்ப்பிச்சை கேட்கிறான். உங்கள் ரீல் மேட் வாயைத் திறக்கும் நொடியில் கட் ஆகிறது. கிராட்டோ அதில் இல்லவே இல்லை.

இதே எபிசோடில் நீங்கள் யாருமே எடிட் போடாத இன்னொரு காட்சி இருக்கிறது. மேட்டைக் காணோம் என்று தேடி ஃபாகி நெல்சன் மருத்துவமனைக்குப் போகிறார். அவசரப் பிரிவில் எதிரெதிர் கும்பல்களைச் சேர்ந்த இரண்டு பேர் அடித்துக்கொள்ளப் பாய்கிறார்கள். சண்டை தெரியாத, கொஞ்சம் தொப்பை போட்ட நம் வக்கீல் குறுக்கே போய் நிற்கிறார். குரல் நடுங்குகிறது. பேசுகிறார். இப்போது குத்தினால் அடுத்து உனக்கு என்ன ஆகும் என்று புரியவைக்கிறார். அடங்குகிறார்கள். யாரும் சாகவில்லை. ஒரு பக்கம் மாடியில் முகமூடியும் மண்டை ஓடும் தத்துவம் பேசிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் ஃபாகி இரண்டு உயிரைக் காப்பாற்றிவிடுகிறார். இதற்கு ஒரு பிஜிஎம் போட யாருக்கும் தோன்றவில்லையே என்பதில் எனக்குத் தொழில்முறைப் பொறாமையும் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்.

அடுத்த எபிசோடில் கிராட்டோவுக்குத் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடக்கிறது. வந்திருப்பவர்கள் மேட், ஃபாகி, அவர்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கேரன். பாதிரியார் லான்டம் ஜெபம் சொல்கிறார். மற்ற பெஞ்சுகள் காலி. கொலை செய்தவன், திருடன், ஊரில் யாருக்கும் வேண்டாதவன். அவனுக்கும் ஒரு சவப்பெட்டி, ஒரு ஜெபம், மூன்று பேர். சூப்பர் ஹீரோ தொடரில் துணைப் பாத்திரமான ரவுடி செத்தால் கேமரா அடுத்த சண்டைக்குப் போய்விடும், அதுதான் வழக்கம். இங்கே அவனுக்காக நின்றது. அந்தக் காலி பெஞ்சுகளை ஒரு ரீலிலும் நான் பார்த்ததில்லை.

சரி, ஃபிராங்க் இத்தனை பேரைக் கொன்று எதைக் கண்டுபிடித்தார்? சீசனை முடிக்காமல் எடிட் போடும் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் பூங்காவில் செத்தது மூன்று கும்பல்களின் துப்பாக்கிச் சண்டையில். அது போலீஸ் வைத்த பொறி. பொதுமக்களை அப்புறப்படுத்தாமலேயே பொறியை வைத்து, சொதப்பியதும் மூடி மறைத்ததில் ரேயஸுக்குப் பங்கு உண்டு. இது ஃபிராங்கின் தோட்டாவால் வெளியே வரவில்லை. கேரன் பேஜ் ஃபைல்களையும் பழைய செய்திகளையும் தோண்டியதால் வந்தது. ஃபிராங்க் தேடித் திரிந்த பிளாக்ஸ்மித் என்ற தலையாய ஆள் யார் என்றால், கோர்ட்டில் அவருக்காகவே நற்சாட்சி சொன்ன அவருடைய பழைய ராணுவ மேலதிகாரி ஷூனோவர். தேடப்பட்டவன் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று சாட்சி சொல்லிவிட்டுப் போனான். யாரைக் கொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று சொல்கிறவருக்கே அது தெரிந்திருக்கவில்லை.

மண்டை ஓட்டுக்கு வருகிறேன். பனிஷர் 1974இல் ஸ்பைடர்மேன் காமிக்ஸில், ஸ்பைடர்மேனைக் கொல்ல வருகிறவராக அறிமுகமானார். அவரைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி கான்வே, போலீஸ்காரர்கள் அந்த முத்திரையை மாட்டிக்கொள்வதை வெளிப்படையாகவே கண்டித்திருக்கிறார். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட அமெரிக்கத் தென் மாநிலங்களின் கொடியை அரசுக் கட்டிடத்தில் ஏற்றுவது போன்றது அது என்று 2019இல் சொன்னார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு கென்டக்கி மாநிலத்தில் ஒரு சிற்றூர் போலீஸ் தங்கள் வண்டிகளின் முன்பக்கத்தில் அந்த மண்டை ஓட்டை ஒட்டி, ஜனங்கள் கேள்வி கேட்டதும் உரித்து எடுத்தார்கள். 2019இல் வந்த பனிஷர் காமிக்ஸிலேயே ஒரு காட்சி உண்டு. அவரைக் கொண்டாடும் இரண்டு போலீஸ்காரர்கள் வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரைக் காட்ட, ஃபிராங்க் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, உங்களுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் கேப்டன் அமெரிக்காவைப் போய்ப் பாருங்கள் என்கிறார்.

2025இல் வந்த 'டேர்டெவில்: பார்ன் அகெய்ன்' இதையே கதையாக்கியது. போலீஸ்காரரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஹெக்டர் அயாலாவுக்காக மேட் மர்டாக் வாதாடி விடுதலை வாங்கிக்கொடுக்கிறார். விடுதலையான கையோடு அவரைத் தெருவில் ஒருவன் சுட்டுக் கொல்கிறான். சுட்டவன் நெஞ்சில் மண்டை ஓடு. அந்த எபிசோடை முடித்துவிட்டு நான் வெகுநேரம் டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். கட்சிக்காரரை வெளியே கொண்டுவந்த வக்கீலுக்கு அது வெறும் ட்விஸ்ட் இல்லை. நீங்கள் என் கட்சிக்காரரின் நெஞ்சில் ஒட்டியிருப்பது அதே படம்தான். தொடரை எடுத்தவர்களே யார் நெஞ்சில் அதை வைத்தார்கள் என்று பாருங்கள். கொலைகாரன் நெஞ்சில்.

"இது வெறும் எடிட்க்கா, சீரியஸா எடுத்துக்காதீங்க" என்று ஒருவர் ஏற்கெனவே எனக்குப் பதில் போட்டிருந்தார். தம்பி, நான் பார்த்ததைச் சொல்கிறேன். ரிமாண்டுக்குக் கொண்டுவந்த அன்று மாவுக்கட்டு முழுசாகக் காயவில்லை. கை நுழையாததால் சட்டையைத் தோளில் போர்த்திக் கூட்டிவந்திருந்தார்கள். போலீஸ் அடித்தார்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். எல்லா ரிமாண்டிலும் கேட்கிற கேள்வி. என் கட்சிக்காரர் பதில் சொல்வதற்கு முன்னால் பக்கத்தில் நின்ற காவலரின் ஷூவைப் பார்த்தார். அப்புறம், "இல்லீங்கய்யா, வழுக்கி விழுந்துட்டேன்" என்றார். காயத்தைப் பதியும் மருத்துவமனை ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியிலும் அதே வாசகம். அடித்தார்கள் என்று நான் இங்கே எழுதவில்லை, அதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். ஆனால் பாத்ரூமில் வழுக்குவது கைதாகிறவர்களுக்கு மட்டும்தானா, போலீஸ்காரர்கள் யாரும் வழுக்கி விழுவதில்லையா என்று சென்னை உயர் நீதிமன்றமே 2025இல் கேட்டிருக்கிறது. நீதிபதிகளைச் சங்கடப்படுத்திய அந்த வாசகத்தை நீங்கள் ஜோக்காக்கி ஓட்டுகிறீர்கள்.

சங்கிலியைப் பறிகொடுத்த அம்மாவையும் கோர்ட்டில் பார்த்தேன். கழுத்தில் சங்கிலி அறுத்த இடம் தடித்துச் சிவந்திருந்தது. அவருக்கு நியாயம் வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் அதில் உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்லை. அந்த மாவுக்கட்டால் அவருக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் யோசியுங்கள். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 1872ஆம் வருஷச் சாட்சியச் சட்டத்தில் அது 25ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23ஆம் பிரிவு. கையை உடைத்து வாங்கினாலும் காகிதம் காகிதம்தான்.

உங்கள் ரீல் செய்திருக்கும் வேலை இன்னும் சுவாரசியமானது. இந்த மாதிரி வழக்கில் பறித்தவரை முன்பின் பார்த்திராத சாட்சி, ஜெயிலில் மாஜிஸ்திரேட் நடத்தும் அடையாள அணிவகுப்பில், வரிசையாக நிற்கும் பலரில் இருந்து ஆளைக் காட்ட வேண்டும். அதற்கு முன்னாலேயே சாட்சி அந்த முகத்தைப் போட்டோவில் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு என்றால் அணிவகுப்புக்கு மதிப்பு போய்விடும். முகத்தை மூடிக் கூட்டிவருவதே அதற்காகத்தான். நீங்கள் ஊருக்கே முகத்தைக் காட்டிவிட்டீர்கள், அணிவகுப்பு நடப்பதற்கு முன்னால். குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலாக நான் என்ன செய்வேன்? உங்கள் ரீலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்ற எண்ணோடு சேர்த்து கோர்ட்டில் வைப்பேன். வைக்கத்தான் போகிறேன். அவர் குற்றவாளி என்று நீங்கள் நம்பினால், அவரைக் காப்பாற்ற என்னைவிட அதிகம் உழைத்தவர் நீங்கள்தான்.

2019 டிசம்பர் 6ஆம் தேதி ஹைதராபாத் அருகே நடந்தது நினைவிருக்கும். இளம் கால்நடை மருத்துவரை வன்கொடுமை செய்து கொன்ற வழக்கில் கைதான நாலு பேரை விடிகாலையில் சுட்டுக் கொன்றார்கள். ஜனங்கள் போலீஸ் மேல் பூ தூவினார்கள். நம் ஊர் பக்கங்களிலும் அன்று முழுக்கக் கொண்டாட்டம்தான். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளியானது. துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள் என்ற கதையை நம்ப முடியாது, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றது. நாலு பேரில் மூன்று பேருக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை என்றும் சொன்னது. அந்த அறிக்கைக்கு யார் எடிட் போட்டீர்கள்?

சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தது 2020 ஜூனில். கடையை ஊரடங்கு நேரம் தாண்டித் திறந்துவைத்தார்கள் என்பதுதான் முதலில் சொன்ன குற்றம். அப்போது இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுகிறேன் என்று அறிக்கை விட்டார். கோடிகள் புரளும் தொழிலில் இருக்கிறவர் அதைச் சொல்ல முடிந்தது. அந்தக் காவல் நிலையத்திலேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், விடிய விடிய அடித்தார்கள் என்று விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். வெளியே அவருடைய சக காவலர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவே அவர் பயந்தார் என்று மாஜிஸ்திரேட் அறிக்கையில் எழுதியிருக்கிறார். பயந்துகொண்டே போட்டார். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார், நகை காணாமல்போன புகாரில் போலீஸ் விசாரணையில் அடிபட்டு இறந்தார். அவரை அடிப்பதை ஒருவர் மறைந்து நின்று செல்போனில் எடுத்தார். அந்த வீடியோதான் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்ப் பேசியது. அவர் கையில் இருந்ததும் உங்கள் கையில் இருப்பதும் ஒரே மாதிரி போன்தான்.

இனி என் கோரிக்கைகள்.

அந்த ரீலை இன்றைக்கே பொதுவில் இருந்து எடுங்கள். பகிர்ந்த மற்ற பக்கங்களும் எடுக்க வேண்டும். என் கட்சிக்காரரின் தங்கை பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் அது போன் போனாகச் சுற்றுகிறது, ரெண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அவர் அம்மா என்னிடம் சொன்னார். எடுக்கும்போது ஒரிஜினல் ஃபைலையும், போட்டோ வந்த மெசேஜையும் அழித்துவிடாதீர்கள். அது சாட்சியம். அழித்தால் உங்களுக்குத்தான் சிக்கல்.

கைதானவர், விசாரணையில் இருப்பவர் யாராக இருந்தாலும் இனி அவர் முகத்தை எந்த எடிட்டிலும் வைக்காதீர்கள். மங்கலாக்கி வைக்கிறேன் என்றும் வராதீர்கள், மாவுக்கட்டைக் காட்டினாலே ஊரில் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். பனிஷர் பிடிக்கும் என்றால் ஃபிராங்க் கேஸிலை வைத்தே எத்தனை எடிட் வேண்டுமானாலும் போடுங்கள், நானும் லைக் போடுகிறேன். கல்லறையில் உட்கார்ந்து மகளுக்குக் கதை படிக்க முடியாமல் போன ராத்திரியைப் பற்றி அவர் பேசுவாரே, அதைப் போடுங்கள்.

மொட்டைமாடிக் காட்சியைப் போட்டால் மேட் சொல்லும் பதிலையும் சேர்த்துப் போடுங்கள், கிராட்டோ செத்து விழுவது வரைக்கும். ஒரு ரீலில் அடங்கவில்லை என்றால் இரண்டாகப் போடுங்கள். உங்கள் ஃபாலோயர்களுக்குப் பொறுமை இல்லை என்று சாக்குச் சொல்லாதீர்கள். அந்தத் தொடரின் ஒவ்வொரு எபிசோடும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே ஓடும், அதை உட்கார்ந்து பார்த்தவர்கள்தானே அவர்களில் பாதிப் பேர்.

கடைசியாக, அந்த போட்டோ. வார்டுக்குள், போலீஸ் காவலில் இருந்தவரை எடுத்தது. கட்டிலுக்கு நேர் எதிரே, இரண்டடி தள்ளி நின்று எடுத்திருக்கிறார்கள். அங்கே போய் நிற்க வெளியாட்களுக்கு அனுமதி கிடையாது. அதை உங்களுக்கு அனுப்பியது யார், எந்த நம்பரில் இருந்து, என்றைக்கு என்பதை எழுத்தில் கொடுங்கள். என் இன்பாக்ஸ் திறந்திருக்கிறது. அடுத்த வாய்தாவுக்குள் வரவில்லை என்றால், இதே கேள்வியை மனுவாக எழுதி மாஜிஸ்திரேட் முன்னால் வைப்பேன்; அப்போது பதிலை அங்கே வந்து சொல்ல வேண்டியிருக்கும்.